மாநில அவசரகால நடவடிக்கை ஆணையம்: அமெரிக்காவில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையிலோ குளிர்பதனக் கிடங்கிலோ தரவு மையத்திலோ பாதுகாப்புப் பொறுப்பில் புதிதாகச் சேருகிறவரிடம், பிப்ரவரி மாதம் பிறந்ததும் மேலாளர் ஒரு கேள்வியைக் கேட்பார்: "டியர் டூ அனுப்பியாகிவிட்டதா?" வளாகத்தில் உள்ள ஆபத்தான வேதிப்பொருள்களின் இருப்பைச் சொல்லும் ஆண்டறிக்கைதான் டியர் டூ. அதை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று திருப்பிக் கேட்டால் மூன்று பெயர்கள் கிடைக்கும். ஊர்த் தீயணைப்புத் துறை, உள்ளூர் அவசரகாலத் திட்டக் குழு, மாநில அவசரகால நடவடிக்கை ஆணையம். முதலாவது எல்லோருக்கும் தெரியும். மற்ற இரண்டும் எந்தக் கட்டடத்தில் இருக்கின்றன, அவற்றில் யார் உறுப்பினர்கள், அனுப்பிய தாளை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் பத்து ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை. மேலிருந்து கீழே அந்த அமைப்பை எப்படிப் படித்துக்கொள்வது என்பதை இக்கட்டுரை வரிசையாகச் சொல்கிறது. வேலைக்குச் சேர்ந்தவர்களோடு, உள்ளூர்க் குழுவில் உறுப்பினராகும்படி அழைக்கப்பட்டவர்களுக்கும், வீட்டுக்குப் பின்னால் உள்ள ஆலையில் என்ன இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்களுக்கும் இது பயன்படும்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

அவசரகால நடவடிக்கை ஆணையம் என்ற பெயரைக் கேட்டதும் சைரன் ஊதிக்கொண்டு ஓடும் வண்டிகள் நினைவுக்கு வரலாம். ஆணையத்திடம் அப்படி ஒரு வண்டியும் இல்லை. புயல், வெள்ளம், காட்டுத்தீ ஆகியவற்றை எதிர்கொள்வது மாநிலத்தின் அவசரகால மேலாண்மை முகமையின் வேலை. ஆணையத்தின் வேலை அதைவிடக் குறுகியது: தன் மாநிலத்தில் எந்த இடத்தில் எந்த ஆபத்தான வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்ற தகவலைச் சேகரிப்பது, ஒவ்வொரு பகுதியிலும் விபத்துக்கான திட்டம் ஒன்று எழுதப்படுவதை உறுதிசெய்வது, கேட்கிற குடிமக்களுக்கு அந்தத் தகவலைக் கொடுப்பது. பல மாநிலங்களில் இரண்டு அமைப்புகளும் ஒரே அலுவலகத்தில் இயங்குவதால் குழப்பம் கூடுகிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதலமைச்சர் தலைமையில் உள்ள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்பு. ஆனால் இந்தியாவில் இதற்கு நெருங்கிய உறவு வேறொன்று. வேதியியல் விபத்துகளுக்கான 1996ஆம் ஆண்டு விதிகள் தலைமைச் செயலர் தலைமையில் மாநில நெருக்கடிக் குழுவையும், மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்ட நெருக்கடிக் குழுவையும் அமைக்கச் சொல்கின்றன. அமெரிக்க ஏற்பாட்டுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு கீழ்மட்டத்தில் இருக்கிறது. அங்கே உள்ளூர்க் குழு தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. ஆட்சியரைப் போன்ற ஓர் அதிகாரிதான் தலைமை வகிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

போபாலில் தொடங்கிய சட்டம்

இந்த அமைப்பின் பிறப்பிடம் நம் நாடு என்பதை அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவையொட்டிப் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறி ஆயிரக்கணக்கானவர்களின் உயிரைப் பறித்தது. என்ன வாயு, அதற்கு என்ன சிகிச்சை என்பது நோயாளிகள் வந்து குவிந்த மருத்துவமனைக்கே உடனடியாகத் தெரியவில்லை. ஆலையைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ஆளும் இல்லை, திட்டமும் இல்லை. அதே நிறுவனத்துக்கு மேற்கு வர்ஜீனியாவில் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் மெத்தில் ஐசோசயனேட் தயாரிக்கும் ஆலை இருந்தது. அந்த ஆலையில் 1985 ஆகஸ்ட் 11 அன்று ஆல்டிகார்ப் ஆக்சைம் கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்ததும், இங்கே அப்படி நடக்காது என்ற பேச்சு அமெரிக்காவில் அடங்கிப்போனது.

1986 அக்டோபர் 17 அன்று அதிபர் ரேகன் கையெழுத்திட்ட சூப்பர்ஃபண்ட் (நச்சுக் கழிவு கிடக்கும் இடங்களைத் துப்புரவாக்கும் சட்டம்) திருத்தச் சட்டத்தின் மூன்றாம் பகுதியாக, அவசரகாலத் திட்டமிடல் மற்றும் சமூகத்தின் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அலுவலகங்களில் இதை எப்க்ரா என்று சுருக்கிச் சொல்வார்கள். மூத்தவர்கள் சிலர் இன்னும் சாரா மூன்று என்பார்கள். இரண்டும் ஒன்றே. பெயரில் உள்ள அறியும் உரிமை என்ற சொல் ஏற்கெனவே மாநிலங்களில் புழங்கியதுதான். நியூ ஜெர்சி தன் தொழிலாளர் மற்றும் சமூக அறியும் உரிமைச் சட்டத்தைப் போபாலுக்கு முன்பே, 1983இல், நிறைவேற்றியிருந்தது.

சட்டம் கறாரான காலக்கெடுவோடு எழுதப்பட்டது. 1987 ஏப்ரல் 17க்குள் ஒவ்வொரு மாநில ஆளுநரும் ஆணையத்தை அமைக்க வேண்டும். ஜூலை 17க்குள் ஆணையம் மாநிலத்தைத் திட்ட மாவட்டங்களாகப் பிரிக்க வேண்டும். அதற்கடுத்த மாதத்துக்குள் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் குழுவை நியமிக்க வேண்டும். 1988 அக்டோபர் 17க்குள் ஒவ்வொரு குழுவும் தன் திட்டத்தை எழுதி முடிக்க வேண்டும். ஆணையம், மாவட்டம், குழு, திட்டம் என்ற இந்த நான்கு படிகளே இன்றும் அமைப்பின் முதுகெலும்பு.

முதல் வேலை: உங்கள் மாநில ஆணையம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ஐம்பது மாநிலங்களிலும் ஆணையம் ஒரே மாதிரி இருக்கும் என்று எண்ணிக்கொண்டு தேடினால் நேரம் வீணாகும். புதிதாக ஓர் ஆணையத்தை உருவாக்கலாம், அல்லது ஏற்கெனவே உள்ள அரசு அமைப்பு ஒன்றையோ பலவற்றையோ ஆணையமாக அறிவிக்கலாம் என்று கூட்டாட்சிச் சட்டம் ஆளுநருக்கு இடம் கொடுத்துவிட்டது. அவசரகால நடவடிக்கையில் தொழில்நுட்ப அறிவுள்ளவர்களை இயன்றவரை நியமிக்க வேண்டும் என்பது ஒன்றே சட்டம் சொல்லும் தகுதி. எந்த ஆளுநராவது ஆணையத்தை நியமிக்காமல் விட்டுவிட்டால் அவரே ஆணையமாகக் கருதப்படுவார் என்றும் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தட்டிக்கழிக்க வழியில்லாமல் செய்வதற்கு இதைவிட எளிய வாக்கியம் எழுத முடியாது.

இதனால் சில மாநிலங்களில் ஆணையம் சுற்றுச்சூழல் துறையில் இருக்கும், சிலவற்றில் அவசரகால மேலாண்மை முகமையில், இன்னும் சிலவற்றில் பொதுப் பாதுகாப்புத் துறையிலோ மாநிலத் தீயணைப்பு அதிகாரியின் அலுவலகத்திலோ இருக்கும். ஒஹையோவில் சுற்றுச்சூழல் முகமையும் அவசரகால மேலாண்மை முகமையும் சேர்ந்து பொறுப்பேற்கின்றன. அந்த மாநிலத்தின் சட்டத் தொகுப்பில் 3750ஆம் அத்தியாயம் முழுவதும் இந்த ஆணையத்தைப் பற்றியது. டெக்சாஸில் ஆணையம் ஒருபுறம் இருக்க, டியர் டூ அறிக்கைகளைப் பெறும் வேலையை மாநிலச் சுற்றுச்சூழல் தர ஆணையம் செய்கிறது. பெயர்கூட மாறும்: மிசோரியில் அது மிசோரி அவசரகால நடவடிக்கை ஆணையம், கலிஃபோர்னியாவில் வேதிப்பொருள் என்ற சொல்லும் பெயரில் சேர்ந்து வருகிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலப்பகுதிகளில் பழங்குடி அவசரகால நடவடிக்கை ஆணையம் என்ற தனி அமைப்பு மாநில ஆணையத்தின் இடத்தில் இருக்கும். உங்கள் ஆலை அத்தகைய நிலத்தில் இருந்தால் தாள்கள் அங்கேதான் போக வேண்டும்.

தேடும்போது நீங்கள் கைப்பற்ற வேண்டிய ஆவணம் ஒன்றுதான்: ஆணையத்தை உருவாக்கிய மாநிலச் சட்டப் பிரிவு, அல்லது அப்படிச் சட்டம் இல்லாத மாநிலங்களில் ஆளுநரின் நிர்வாக ஆணை. உறுப்பினர் எண்ணிக்கை, பதவிக்காலம், தலைவர் எப்படி வருகிறார், கூட்டம் எத்தனை நாளுக்கு ஒருமுறை, கட்டணம் வசூலிக்கும் அதிகாரம் உண்டா ஆகிய எல்லாமே அதில் இருக்கும். ஆணையத்தின் அறிமுகப் பக்கங்களைப் படிப்பதைவிட இந்த ஒரு தாளைப் படிப்பது மேல்.

நாற்காலிகளைப் பாருங்கள்

ஆணையத்தின் உறுப்பினர் பட்டியல் பொதுவாக இரண்டு வகையாகப் பிரியும். பதவியின் காரணமாக உறுப்பினராவோர் முதல் வகை: சுற்றுச்சூழல், சுகாதாரம், போக்குவரத்து, வேளாண்மை, தொழிலாளர் நலம், காவல், தீயணைப்பு ஆகிய துறைகளின் தலைவர்கள் அல்லது அவர்கள் அனுப்பும் பிரதிநிதிகள். ஆளுநரால் நியமிக்கப்படுவோர் இரண்டாம் வகை: வேதித் தொழில்துறை, உள்ளூராட்சி, தன்னார்வத் தீயணைப்பாளர்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள், உள்ளூர்க் குழுக்கள் ஆகியவற்றின் சார்பில் வருகிறவர்கள். இரண்டாம் வகையினருக்கு ஆண்டுக் கணக்கில் பதவிக்காலம் உண்டு; பெரும்பாலும் சம்பளம் கிடையாது.

புதியவர் கவனிக்க வேண்டியது இதற்குப் பின்னால் இருக்கிறது. துறைத் தலைவர்கள் எவரும் இந்த வேலையை அன்றாடம் செய்வதில்லை. ஏதோ ஒரு துறையின் ஊழியர்கள் சிலரே அறிக்கைகளைப் பெறுவதும், திட்டங்களைப் படிப்பதும், மானியத்தைப் பிரித்துக் கொடுப்பதும், தொலைபேசிக்குப் பதில் சொல்வதும். தகவல் ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் அதிகாரியைக் குறித்துவைக்க வேண்டும் என்பது சட்டம். அவரைத் தெரிந்துகொண்டால் ஆணையத்தைத் தெரிந்துகொண்ட மாதிரிதான்.

பெரிய ஆணையங்களில் துணைக்குழுக்கள் இருக்கும். திட்டங்களையும் ஒத்திகைகளையும் மதிப்பிட ஒன்று, பயிற்சிக்கு ஒன்று, நிதிக்கு ஒன்று, விதிகளுக்கும் அமலாக்கத்துக்கும் ஒன்று என்ற வகையில் பிரித்துக்கொள்வது வழக்கம். முழு ஆணையம் பல மாநிலங்களில் காலாண்டுக்கு ஒருமுறைதான் கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருவதெல்லாம் துணைக்குழுவில் முன்பே பேசி முடித்ததாகவே இருக்கும். ஆகவே உங்கள் கருத்து எடுபட வேண்டுமானால் துணைக்குழுக் கூட்டத்துக்குப் போங்கள். இரண்டுமே பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்த கூட்டங்கள். கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்கலாம். கடந்த ஓராண்டுக் குறிப்புகளைப் படித்து, யார் வருகிறார்கள், யார் எப்போதும் மாற்றாளையே அனுப்புகிறார்கள், எந்த நாற்காலி தொடர்ந்து காலியாக இருக்கிறது என்று குறித்துக்கொள்வது ஒரு மணி நேர வேலை. எந்த அறிமுக வகுப்பிலும் அது கிடைக்காது.

மாவட்டமும் உள்ளூர்க் குழுவும்

இங்கே மாவட்டம் என்பது நம் ஊர் வருவாய் மாவட்டம் அல்ல. திட்டமிடுவதற்காக ஆணையம் வரையும் எல்லை. அதை எப்படி வேண்டுமானாலும் வரையலாம் என்பதால் மாநிலங்களுக்கிடையே வியப்பூட்டும் வேறுபாடு இருக்கிறது. மக்கள்தொகையில் மிகப் பெரிய மாநிலமான கலிஃபோர்னியா தன் பரஸ்பர உதவி மண்டலங்களையே எடுத்துக்கொண்டு ஆறு மாவட்டங்களோடு நிறுத்திக்கொண்டது. சின்னஞ்சிறு டெலவேரில் மூன்று கவுன்டிகளுக்கும் (மாநிலத்தின் நிர்வாக உட்பிரிவுகள்) வில்மிங்டன் நகரத்துக்குமாக நான்கு. ஃப்ளோரிடா வட்டாரத் திட்டக் கவுன்சில்களின் எல்லையைப் பின்பற்றுகிறது. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு குழு என்பதால் எண்ணிக்கை 500ஐத் தாண்டுகிறது. பெரும்பாலான மாநிலங்கள் கவுன்டிக்கு ஒன்று என்ற நடுவழியில் போகின்றன.

எல்லை பெரிதாக இருப்பது நல்லதா, சிறிதாக இருப்பதா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. ஒரு நகராட்சிக் குழுவுக்குத் தன் ஊரின் ஒவ்வொரு சந்தும் தெரியும், ஆனால் வேதிப்பொருள் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. மண்டலக் குழுவில் நிபுணர்கள் உண்டு, ஆனால் கூட்டத்துக்கு இருநூறு மைல் காரோட்ட வேண்டியிருக்கும். கவுன்டி அளவே நடைமுறைக்கு ஒத்துவருகிறது என்பது என் எண்ணம்.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதைக் கூட்டாட்சிச் சட்டமே எண்ணிச் சொல்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாநில, உள்ளூர்ப் பிரதிநிதிகள், காவல், குடிமைப் பாதுகாப்பு, தீயணைப்பு, முதலுதவி, சுகாதாரம், உள்ளூர்ச் சுற்றுச்சூழல், மருத்துவமனை, போக்குவரத்து ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள், அச்சு, ஒலிபரப்பு ஊடகங்கள், சமூகக் குழுக்கள், சட்டத்துக்கு உட்பட்ட ஆலைகளின் உரிமையாளர்கள் அல்லது நடத்துநர்கள். ஆலைக்காரரும், அந்த ஆலையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவரும், அதன் மதிலுக்கு அப்பால் குடியிருப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே திட்டத்தை எழுத வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள் விரும்பினார்கள். நடைமுறையில் ஊடகத்துக்கும் சமூகக் குழுக்களுக்கும் உரிய நாற்காலிகள் பல ஊர்களில் காலியாகவே கிடக்கின்றன. தமிழர்கள் கணிசமாக வாழும் நகரங்களில் தமிழ்ச் சங்கமோ கோயில் நிர்வாகமோ அந்தச் சமூகக் குழு நாற்காலியைக் கேட்டு வாங்குவதற்குத் தடையேதும் இல்லை. குழு உறுப்பினர் பட்டியலை ஆணையமே அங்கீகரிக்கிறது. அதை மாற்றும்படி ஆர்வமுள்ள எவரும் ஆணையத்திடம் மனு கொடுக்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. இந்த வழியைப் பயன்படுத்துகிறவர்கள் மிகவும் குறைவு.

ஆண்டு முழுவதும் நகரும் தாள்கள்

ஆலையில் வேலை பார்க்கிறவருக்கு இந்தப் பகுதியே சோறு போடும். மேலோட்டமாகப் பார்த்தால் இவை வெறும் படிவங்கள்; ஆனால் எந்தப் பொருள் எந்த அளவைத் தாண்டியதும் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்ற கணக்கைப் புரிந்துகொள்ளாவிட்டால் ஆணையத்தின் மற்ற வேலைகள் எதுவும் விளங்காது.

மிகு அபாயப் பொருள்கள் என்று 350க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் அடங்கிய பட்டியல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் திட்டமிடல் வரம்பு என்று ஓர் அளவு உண்டு: குளோரினுக்கு 100 பவுண்டு, நீரற்ற அம்மோனியாவுக்கு 500 பவுண்டு, கந்தக அமிலத்துக்கு 1,000 பவுண்டு. உங்கள் வளாகத்தில் அந்த அளவோ அதற்கு மேலோ முதன்முறையாக வந்துவிட்டால் 60 நாள்களுக்குள் ஆணையத்துக்கும் உள்ளூர்க் குழுவுக்கும் தெரிவித்து, ஆலையின் சார்பில் ஓர் ஒருங்கிணைப்பாளரைக் குறிப்பிட வேண்டும். அடுத்தது பாதுகாப்புத் தரவுத் தாள்கள் அல்லது பொருள்களின் பட்டியல்; வரம்பைத் தாண்டிய மூன்று மாதத்துக்குள் ஆணையம், குழு, தீயணைப்புத் துறை ஆகிய மூவருக்கும் போக வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் மார்ச் 1ஆம் தேதிக்குள் முந்தைய ஆண்டின் இருப்பைச் சொல்லும் டியர் டூ அறிக்கை. இவ்விரண்டுக்குமான வரம்பு சாதாரண ஆபத்துப் பொருள்களுக்கு 10,000 பவுண்டு. மிகு அபாயப் பொருள்களுக்கு 500 பவுண்டு அல்லது திட்டமிடல் வரம்பு, இரண்டில் எது குறைவோ அது.

வேதிப்பொருளுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்கிற இடங்களில்தான் தவறு நேர்கிறது. தரவு மையம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மின்தடைக் காப்புக்காக அடுக்கியிருக்கும் ஈய அமில மின்கலங்களுக்குள் இருப்பது கந்தக அமிலம். ஒரு மின்கலத்தில் சில பவுண்டுகள்தான் என்றாலும் வளாகத்தில் உள்ள எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 500 பவுண்டை எட்டிவிட்டால் டியர் டூவில் காட்ட வேண்டும். 1,000 பவுண்டை எட்டினால் முன்சொன்ன 60 நாள் அறிவிப்பும் கட்டாயம். கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பேட்டரிகளுக்கும் இதே கணக்கு. மின்னாக்கிகளுக்கான டீசல் ஒரு காலன் ஏறக்குறைய ஏழு பவுண்டு எடை என்பதால், சுமார் 1,400 காலன் சேமித்தாலே 10,000 பவுண்டைத் தொட்டுவிடும். மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறோம், நமக்கெதற்கு அமிலமும் டீசலும் என்று இருந்துவிட்டு அபராதக் கடிதம் வந்தபின் விழித்துக்கொள்வதைவிட, முதல் வாரத்திலேயே மின்கல அறையைப் போய்ப் பார்த்து எண்ணிவிடுவது நல்லது. சட்டம் எழுதப்பட்டபோது 25,000 டாலர் வரை என்றிருந்த அபராதம், பணவீக்கத்துக்கேற்ப உயர்ந்து இப்போது அதன் இரு மடங்கையும் தாண்டிவிட்டது.

அறிக்கையை எந்த இணைய வாயிலில் ஏற்ற வேண்டும், கட்டணம் உண்டா, தீயணைப்புத் துறைக்குத் தனியாக நகல் அனுப்ப வேண்டுமா என்பவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். முந்தைய வேலையில் செய்ததையே புதிய மாநிலத்திலும் செய்யாதீர்கள். மாநிலங்கள் கூட்டாட்சி வரம்பைவிடக் கடுமையான வரம்பை வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு.

கசிவு நேர்ந்த அந்த நிமிடத்தில்

மிகு அபாயப் பொருளோ, சூப்பர்ஃபண்ட் சட்டப் பட்டியலில் உள்ள பொருளோ 24 மணி நேரத்துக்குள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெளியேறி, வளாகத்தைத் தாண்டினால் உடனடியாகத் தெரிவிக்க வேண்டும். இந்த அறிவிப்பு அளவு திட்டமிடல் வரம்பிலிருந்து வேறானது. குளோரினுக்கு வெறும் 10 பவுண்டு, அம்மோனியாவுக்கு 100 பவுண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வது புதியவர்கள் செய்யும் பெரும்பிழை.

அழைப்புகளின் வரிசையை அச்சடித்துக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டிவைப்பது வழக்கம். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 911. பிறகு உள்ளூர்க் குழுவின் சமூக அவசரகால ஒருங்கிணைப்பாளர், அடுத்து ஆணையத்துக்காக மாநிலம் வைத்திருக்கும் 24 மணி நேரத் தொலைபேசி, சூப்பர்ஃபண்ட் பட்டியலில் உள்ள பொருளானால் கடலோரக் காவல்படை நடத்தும் தேசிய நடவடிக்கை மையம். ஒருவரிடம் சொல்லிவிட்டால் அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்வார் என்று சட்டம் ஏற்பதில்லை. காற்று பக்கத்து மாநிலத்தை நோக்கி வீசினால், பாதிக்கப்படக்கூடிய அந்த மாநிலத்தின் ஆணையத்தையும் அழைக்க வேண்டும். சாலையில் போகும் டேங்கர் லாரியில் கசிவு என்றால் மட்டும், குழுவுக்கும் ஆணையத்துக்கும் தனித்தனியே சொல்வதற்குப் பதில் 911ஐ அழைப்பது போதுமானது.

பொருளின் பெயர், மதிப்பிட்ட அளவு, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, காற்றிலா நீரிலா நிலத்திலா, உடல்நலத்துக்கு என்ன தீங்கு, மக்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டுமா வெளியேற வேண்டுமா, யாரைத் தொடர்புகொள்வது ஆகியவற்றை அழைப்பிலேயே சொல்ல வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகு அழைக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. தெரிந்ததைச் சொல்லிவிட்டு, மீதியைப் பின்னர் எழுத்து மூலம் அனுப்பும் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம். 2018ஆம் ஆண்டின் குடிநீர்க் கட்டமைப்புச் சட்டத்துக்குப் பிறகு, தனக்கு வந்த அறிவிப்பை மாநிலக் குடிநீர் முகமைக்கு ஆணையம் உடனே கடத்த வேண்டும் என்ற கடமையும் சேர்ந்திருக்கிறது.

திட்டம் என்ற தடித்த புத்தகம்

உள்ளூர்க் குழுவின் தலையாய வேலை அவசரகாலத் திட்டம் எழுதுவது. ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை மறுபரிசீலிப்பது. எந்த ஆலைகள், எந்தச் சாலைகள் வழியாகப் பொருள் போகிறது, அருகே பள்ளியோ மருத்துவமனையோ உண்டா, யார் ஒருங்கிணைப்பாளர், மக்களுக்கு எப்படிச் செய்தி போகும், எவ்வளவு பேர் பாதிக்கப்படுவர் என்பதை எப்படிக் கணிப்பது, கருவிகள் எங்கே, வெளியேறும் வழி எது, பயிற்சி எப்போது, ஒத்திகை எப்போது என்பவை அதில் இருந்தாக வேண்டும். ஆணையம் அதைப் படித்துத் திருத்தங்களைப் பரிந்துரைக்கும்.

தாள் சரியாக இருந்தும் திட்டம் உயிர்பெறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸின் வெஸ்ட் என்ற சிற்றூர் சாட்சி. 2013 ஏப்ரல் 17 அன்று ஓர் உரக் கிடங்கில் பற்றிய தீயை அணைக்கத் தன்னார்வத் தீயணைப்பாளர்கள் விரைந்தார்கள். சிறிது நேரத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 15 பேர் இறந்தார்கள், அவர்களில் 12 பேர் உதவிக்கு ஓடியவர்கள். கிடங்கில் அம்மோனியம் நைட்ரேட் இருப்பது முந்தைய ஆண்டுக்கான டியர் டூ அறிக்கையில் காட்டப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பொருள் மிகு அபாயப் பட்டியலில் இல்லை என்பதால் திட்டமிடல் விதிகள் அதன்மீது பாயவில்லை. தீ அதனருகே போனால் விலகி நிற்க வேண்டும் என்ற அறிவு களத்துக்குப் போய்ச் சேரவும் இல்லை. குழுவில் சேருகிற எவரும் முதல் கூட்டத்திலேயே கேட்க வேண்டியது இதுதான்: டியர் டூ தகவலைத் தீயணைப்பு நிலையத்தில் யார், எப்போது, எந்த வடிவில் படிக்கிறார்கள்? ஆலைக்குள் வந்து பார்வையிடத் தீயணைப்புத் துறைக்குச் சட்டமே உரிமை கொடுக்கிறது; அந்த உரிமை கடைசியாக எந்தத் தேதியில் பயன்படுத்தப்பட்டது?

குடிமகனாகத் தகவல் கேட்பது

ஆலையில் வேலை செய்யாதவருக்கும் இங்கே வாசல் திறந்திருக்கிறது. குறிப்பிட்ட ஆலையின் பெயரைச் சொல்லி, அதன் டியர் டூ தகவலை எழுத்து மூலம் ஆணையத்திடமோ குழுவிடமோ கேட்கலாம். 45 நாள்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். 10,000 பவுண்டுக்கு மேல் வைத்திருக்கும் பொருளைப் பற்றிய தகவல் தங்களிடம் இல்லாவிட்டால், ஆலையிடம் கேட்டு வாங்கித் தருவது அவர்கள் கடமை. அதற்குக் குறைவான அளவென்றால் எதற்காகத் தேவைப்படுகிறது என்று நீங்கள் பொதுவாக ஒரு காரணம் எழுத வேண்டும். வளாகத்துக்குள் பொருள் இருக்கும் சரியான இடத்தை மறைத்துவைக்கும்படி ஆலை கோரலாம். வணிக ரகசியம் என்று பெயரை மறைத்த பொருளானாலும், சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் மருத்துவர்களுக்கு அதை வெளிப்படுத்தியாக வேண்டும். அங்கே பணிபுரியும் தமிழ் மருத்துவர்கள் பலர் இப்படி ஒரு பிரிவு இருப்பதை அறிந்திருக்கமாட்டார்கள்.

பணம்

ஆணையத்தையும் குழுவையும் நடத்துவதற்கென்று இந்தச் சட்டம் தொடர் நிதி எதையும் ஒதுக்கவில்லை. அதனால்தான் ஒரு மாநிலத்தில் குழு முழுநேர ஊழியரோடு இயங்க, அடுத்த மாநிலத்தில் அதே பெயரிலான குழு ஆண்டுக்கொருமுறை கூடி, காபி குடித்துக் கலைகிறது. பல மாநிலங்கள் டியர் டூ அறிக்கையோடு ஒரு கட்டணம் வசூலித்து உள்ளூர்க் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. ஆபத்தான சரக்குகளை அனுப்புகிறவர்களும் ஏற்றிச் செல்பவர்களும் கட்டும் பதிவுக் கட்டணத்திலிருந்து போக்குவரத்துத் துறை வழங்கும் மானியம் மற்றொரு ஊற்று. அது திட்டமிடலுக்கும் பயிற்சிக்குமே செலவிடத்தக்கது. உங்கள் குழு அந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கிறதா என்பதை ஆணையத்தின் நிதித் துணைக்குழுக் குறிப்புகளில் பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்கவில்லை என்றால், பெரும்பாலும் படிவத்தை நிரப்ப ஆள் இல்லாததே காரணமாக இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர் கையுயர்த்தினால் அந்த வேலை அன்றைக்கே அவரிடம் வந்துவிடும்.